சிலந்தி வளருதான்னு பார்க்க ஸ்கேல் வேண்டாம், உரிச்சுப் போட்ட சட்டை போதும்

நீங்க கேட்டதை முதல்ல நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிறேன், ஏன்னா ஒரு கேள்விக்குள்ள நாலு கேள்வி கிடக்கு. எட்டு மாசத்துக்கு முன்னாடி 2 செ.மீ. கால் அகலத்துல (காலெல்லாம் விரிச்சா நுனிக்கு நுனி) ஒரு மெக்ஸிகன் ரெட் நீ டரான்டுலா, அதாவது முடி அடர்ந்த பெரிய வகைச் சிலந்தியோட குட்டி, வாங்கியிருக்கீங்க. இதுவரைக்கும் ரெண்டு தடவை தோல் உரிச்சிருக்கு, முதல் தோலைக் குப்பையில போட்டுட்டீங்க, ரெண்டாவது தீப்பெட்டிக்குள்ள இருக்கு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை டப்பாவுக்கு வெளிய ஸ்கேல் பிடிச்சு காலை அளந்து எக்செல்ல ஏத்துறீங்க, அந்த கிராஃப் பங்குச்சந்தை மாதிரி மேலயும் கீழயும் போய்ட்டு இப்போ 3 செ.மீ. கிட்ட நிக்குது. நாலு வாரமா சாப்பாட்டைத் தொடல. வளர்ச்சி சரியா இருக்கா, அடுத்து எப்போ உரிக்கும், ஆணா பொண்ணா, பட்டினி கிடக்கிறதுக்குப் பயப்படணுமா, இதுதான் நீங்க எழுதினது. ஆனா எனக்குப் படுறது என்னன்னா, கத்தவும் மாட்டேங்குது வாலாட்டவும் மாட்டேங்குது, இது நல்லா இருக்குன்னு எதை வெச்சு தெரிஞ்சுக்கிறதுன்னுதான் கேக்குறீங்க.

நான் ஊர்ல எம்.எஸ்சி விலங்கியல் படிச்சவன், வேலைக்கு இங்கிலாந்துல இருக்கிற லெஸ்டர் வந்து, 2011லருந்து வீட்ல டரான்டுலா வளர்க்குறேன், இப்போ பதினேழு இருக்கு. சிலந்தி ஆராய்ச்சியாளர் எல்லாம் கிடையாது. படிச்ச படிப்பு கொஞ்சம், அலமாரி முன்னாடி உக்காந்து பார்த்தது நிறைய. அதனால எது உறுதி, எது வளர்க்குறவங்க மத்தியில சுத்துற பேச்சுன்னு முடிஞ்ச வரைக்கும் பிரிச்சே சொல்றேன்.

கிராஃப் விஷயத்துலருந்து ஆரம்பிக்கிறேன், அதுலதான் பாதி பதில் இருக்கு. டரான்டுலா உடம்புல முன் பாகம் இருக்கே, தலையும் நெஞ்சும் ஒண்ணா சேர்ந்தது, அது மேல ஒரு கெட்டி ஓடு, கேரபேஸ்னு சொல்லுவோம். அந்த ஓடும் காலும் ஒரு தடவை இறுகிட்டா அவ்வளவுதான், அடுத்த தடவை தோல் உரிக்கிற வரைக்கும் ஒரு மில்லிமீட்டர் கூட நீளாது. பின்னாடி இருக்கிற வயிறு மட்டும் பலூன் மாதிரி, சாப்பிட்டா உப்பும், தண்ணி குறைஞ்சா சுருங்கும். அப்போ நீங்க பார்த்த ஏத்த இறக்கம் சிலந்தியோடது இல்லை, உங்க ஸ்கேலோடது. அது ஒரு வாரம் காலை நல்லா நீட்டிப் படுத்திருக்கும், அடுத்த வாரம் மடக்கி உக்காந்திருக்கும், டப்பா பிளாஸ்டிக் வளைவு வேற, நீங்க சாய்ச்சுப் பார்த்த கோணம் வேற, இதெல்லாம் சேர்ந்தா 3 செ.மீ. சிலந்தியில அரை செ.மீ. சும்மா தப்பும். முப்பத்து சொச்சம் வாரம் எழுதியிருக்கீங்க, பொறுமைக்கு ஒரு கும்பிடு, ஆனா அந்த முப்பதுல உண்மையான தகவல் மூணே மூணுதான். வாங்கினப்போ ஒண்ணு, முதல் உரிப்புக்கு அப்புறம் ஒண்ணு, ரெண்டாவதுக்கு அப்புறம் ஒண்ணு. வளர்ச்சியை கோடா போடக்கூடாது, படிக்கட்டா போடணும். ரெண்டு படிக்கு நடுவுல எத்தனை ஞாயித்துக்கிழமை அளந்தாலும் அதே படிதான்.

இப்போ உங்க கணக்கையே எடுத்துப்போம். 2 செ.மீ. இருந்தது ரெண்டு உரிப்புல 3 செ.மீ. ஆச்சுன்னா ஒண்ணரை மடங்கு. ரெண்டு படியா சமமா பிரிச்சா ஒரு படிக்கு சுமார் 1.22 மடங்கு. இது நல்ல எண். எப்படிச் சொல்றேன்னா, இந்த மாதிரி ஓடு உரிச்சு வளர்ற ஜீவன்களுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. 1890ல ஹாரிசன் டையர்ங்கிற அமெரிக்கப் பூச்சியியல்காரர் கம்பளிப்பூச்சிங்களோட தலை ஓட்டை அளந்து, ஒவ்வொரு உரிப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்துல பெருசாகுதுன்னு காட்டினார். அதுக்கு அப்புறம் வியன்னாவுல ஹான்ஸ் ப்ரிஸிப்ராம்னு ஒருத்தர் கும்பிடுபூச்சியை வளர்த்துப் பார்த்துட்டு, ஒவ்வொரு உரிப்புக்கும் எடை ரெண்டு மடங்கு ஆகுது, அப்போ நீளம் 1.26 மடங்கு ஆகணும்னு சொன்னார் (1.26ஐ மூணு தடவை பெருக்கிப் பாருங்க, 2 வரும்). பாவம் அந்த மனுஷன் 1944ல நாஜிகளோட தெரேசியன்ஷ்டாட் முகாம்ல செத்துப்போனார். இந்த ரெண்டு கணக்குமே பூச்சியை வெச்சு வந்தது, சிலந்திக்கு அச்சு அசலா பொருந்தும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். என் வீட்டு ரெட் நீ, பேரு மீனாச்சி, அவளோட அஞ்சு சட்டையில கேரபேஸ் நீளம் வரிசையா 4.1, 5.0, 6.2, 7.6, 9.1 மி.மீ. ஒவ்வொண்ணையும் முந்தினதால வகுத்தா 1.22, 1.24, 1.23, 1.20 வருது. 1.26 இல்லை, ஆனா பாருங்க எவ்வளவு ஒட்டி ஒட்டிப் போகுதுன்னு. ஒரு சிலந்தியை வெச்சு சட்டம் போட முடியாது, ஆனா ஒரு சிலந்திக்கு அதோட சொந்தப் போக்கு தெரிய இது போதும். திடீர்னு ஒரு உரிப்புல 1.05 வந்தா ஏதோ சரியில்லை, சாப்பாடு பத்தலையோ தண்ணி பத்தலையோன்னு யோசிக்கலாம்.

சட்டைன்னு சொல்றேனே, பாம்புக்குச் சொல்ற மாதிரிதான், வீட்ல இதைப் பார்த்துட்டு எங்கம்மா வெச்ச பேரு, "பாம்பு சட்டை மாதிரி சிலந்தி சட்டையாடா"ன்னு. இனிமே அதை ஒண்ணைக்கூட வெளிய போட்டுடாதீங்க. கேரபேஸ் ஏன் முக்கியம்னா உயிரோட இருக்கிற சிலந்தியைப் பிடிச்சு அளக்க வேண்டியதில்லை, அதுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். காலைவிட இது ஏன் மேல்னா, உரிச்ச கால் ஈரத்துல இழுத்தா நீளும், காய்ஞ்சா சுருண்டு முறுக்கும், ஒருத்தர் விரிச்சா 5 செ.மீ., இன்னொருத்தர் விரிச்சா 6 செ.மீ. விக்கிறவங்க படம் போடுறப்போ எந்தப் பக்கம் இழுப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. கேரபேஸ் கெட்டி, அது இழுத்தாலும் நீளாது.

எப்படி அளக்கிறதுன்னா, தீப்பெட்டியில இருக்கிற அந்த சட்டை இந்நேரம் காய்ஞ்சு அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், தொட்டா நொறுங்கும். வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு அதுல மிதக்க விடுங்க, ரெண்டு மூணு மணி நேரம் ஆகட்டும். கையால எடுக்காதீங்க, இடுக்கி வெச்சு எடுங்க, ஏன்னு கீழ சொல்றேன். ஒரு வெள்ளைப் பேப்பர்ல வெச்சு பல்குத்துற குச்சியால மெதுவா பிரிச்சா, கேரபேஸ் டிபன் டப்பா மூடி மாதிரி தனியா திறந்து, பின் பக்கம் ஒரு மெல்லிசு தோல்ல மட்டும் ஒட்டிட்டு நிக்கும். அந்த மூடியோட முன் விளிம்பு நடுவுலருந்து பின் விளிம்பு நடு வரைக்கும், நேர்கோட்டுல, விஷப்பல் பாகத்தைச் சேர்க்காம அளக்கணும். பள்ளிக்கூட லேப்ல பார்த்தோமே வெர்னியர் காலிப்பர், டிஜிட்டல்ல மலிவாவே கிடைக்குது, அதை அழுத்தாம லேசா தொடுற மாதிரி வெச்சு மூணு தடவை அளந்து நடு எண்ணை எழுதுங்க. காலிப்பர் இல்லைன்னா கிராஃப் பேப்பர் மேல வெச்சு நேர் மேலருந்து போன்ல படம் எடுத்து கட்டத்தை எண்ணிக்கலாம். நான் முதல் மூணு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

இதுல எல்லாருமே மாட்டிக்கிற ஒரு பொறி இருக்கு, நானும் ஒரு வருஷம் தப்பா எழுதி அப்புறம் மொத்த நோட்டையும் திருத்தினேன். உரிச்ச சட்டை காட்டுறது சிலந்தியோட இப்போதைய அளவு இல்லை, உரிக்கிறதுக்கு முன்னாடி இருந்த அளவு. புதுச் சட்டை போட்ட பையனோட பழைய சட்டையை அளக்கிற மாதிரிதான். அதனால நீங்க தூக்கிப் போட்ட முதல் சட்டைதான் வாங்கினப்போ இருந்த அளவு, அது போச்சு. தீப்பெட்டியில இருக்கிறது நடு அளவு. இப்போ நடமாடுற அளவு அடுத்த தடவை உரிக்கும்போதுதான் கையில கிடைக்கும். நோட்ல தேதி, எத்தனாவது உரிப்பு, "இதுக்கு முன்னாடி இருந்த கேரபேஸ்"னு ஒரு பத்தி, கடைசியா எப்போ சாப்பிட்டுச்சு, எப்போலருந்து வேண்டாம்னுச்சு, அந்த மாசம் ரூம் எத்தனை டிகிரி இருந்துச்சு. இது போதும். எடை போடுறதா இருந்தா நகைக்கடைத் தராசு வாங்கி டப்பாவோட போட்டு டப்பா எடையைக் கழிச்சுக்கலாம், ஆனா எடையை வளர்ச்சின்னு எடுத்துக்காதீங்க, அது நேத்து சாப்பிட்ட வெட்டுக்கிளியையும் சேர்த்துத்தான் காட்டும்.

எத்தனாவது உரிப்புன்னு சொன்னேனே, அதுலயும் ஒரு குழப்பம். நாலாவது பருவம்ங்கிறதுக்கு விக்கிறவங்க எல்4ன்னுவாங்க, ஐ4ன்னுவாங்க, ஜெர்மன்காரங்ககிட்ட வாங்கினா எஃப்ஹெச்னு எழுதியிருக்கும், அது சாப்பிட ஆரம்பிக்கிற பருவத்துலருந்து எண்ணுறது. முட்டைக்குள்ளருந்து வெளிய வந்து கால் முளைச்ச முட்டை மாதிரி கிடக்கிற நிலையை ஒருத்தர் எண்ணுவார், ஒருத்தர் எண்ண மாட்டார். அதனால ரெண்டு பேரோட எல்4 ஒரே சிலந்தியா இருக்கணும்னு அவசியமே இல்லை. உங்க கைக்கு வந்ததுக்கு அப்புறம் முதல் உரிப்பை 1ன்னு நீங்களே எண்ணிக்கோங்க, அதுதான் நம்பிக்கையானது. பேர் குழப்பமும் உண்டு. 2017 வரைக்கும் கடைகள்ல ரெட் நீயை பிராக்கிபெல்மா ஸ்மித்திங்கிற அறிவியல் பேர்ல வித்ததுல பெரும்பாலானது உண்மையில ஹமோரிங்கிற இனம், அந்த வருஷம்தான் ரெண்டையும் சரியா பிரிச்சாங்க. ஹமோரி மெக்ஸிகோவோட பசிபிக் கரையில கொலிமா, ஹலிஸ்கோ, மிச்சோகான் பக்கம், ஸ்மித்தி அதுக்குத் தெக்கால குவெரேரோ பக்கம். பழைய நோட்டுல "ஸ்மித்தி இத்தனை வருஷத்துல பெருசாச்சு"ன்னு படிச்சா அது உங்க ஹமோரியைப் பத்தினதா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

சரி, எப்போ உரிக்கும். தேதி யாராலயும் சொல்ல முடியாது, சொல்றவங்களை நம்பாதீங்க. உறுதியா சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சின்ன வயசுல இடைவெளி குறைவு, பெருசாக ஆக நீண்டுட்டே போகும், குட்டியில மாசக் கணக்கு, வளர்ந்த பெண்ணுக்கு வருஷத்துக்கு ஒண்ணு, சில சமயம் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. சூடும் சாப்பாடும் ஜாஸ்தியானா இடைவெளி குறையும். அதனால உங்க வீட்டுக் குளிர்கால 19 டிகிரி சிலந்தியையும், யாரோ 27 டிகிரியில அலமாரி முழுக்க சூடு ஏத்தி வளர்க்கிறதையும் மாசக் கணக்குல ஒப்பிட்டா மனசு கஷ்டம்தான் மிஞ்சும். மாசத்தை விட்டுட்டு படிக்குப் படி விகிதத்தை ஒப்பிடுங்க, அது சூட்டுக்கு அவ்வளவா அசையாது. நிறைய தின்னக் குடுத்து வேகமா வளர்த்தா ஆயுசு குறையுமான்னு ஒரு சண்டை வருஷக்கணக்கா ஓடுது. ஆணைப் பொறுத்த வரைக்கும் சீக்கிரம் பருவத்துக்கு வந்தா சீக்கிரம் முடிஞ்சிடும், அதுல சந்தேகமில்லை, ஏன்னா பருவத்துக்கு வந்த ஆண் அதுக்கு மேல பெரும்பாலும் உரிக்கிறதே இல்லை, ஒண்ணு ரெண்டு வருஷம்தான். பெண்ணுக்கும் குறையுமான்னு கேட்டா, குறையும்னு அடிச்சுச் சொல்றவங்க கையில ஆதாரத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

தேதி தெரியாது, ஆனா அறிகுறி தெரியும். முதல் அறிகுறி நீங்க பயப்படுற அந்தப் பட்டினிதான். நாலு வாரம் ஒண்ணுமே இல்லை. குட்டிங்க ரெண்டு மூணு வாரம், சில சமயம் அதுக்கு மேலயும் நிறுத்தும், பெரியவங்க மாசக்கணக்குல நிறுத்துவாங்க, சிலி நாட்டு ரோஸ் டரான்டுலாவெல்லாம் ஒரு வருஷம் வரைக்கும் சாப்பிடாம வளர்க்கிறவனைத்தான் இளைக்க வெக்கும். பாக்க வேண்டியது வயிறு. வயிறு கேரபேஸைவிட பெருசா, உருண்டையா, பளபளன்னு இருந்தா விட்டுடுங்க, உள்ள வேலை நடக்குது. வயிறு கேரபேஸைவிடச் சின்னதா சுருங்கி, திராட்சை காய்ஞ்ச மாதிரி இருந்தா அதுதான் கவலை, அதுவும் முக்காவாசி பசி இல்லை, தாகம். பின் முதுகுல முடி உதிர்ந்த மொட்டை இடம் இருந்தா அது சாதாரணமா வெளிறின சதை நிறத்துல இருக்கும், உரிக்கிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி நாவப்பழ நிறத்துக்குப் போயிடும், அடியில புதுத் தோலும் புது முடியும் தயாராகி நிழல் தட்டுது. ஆனா உங்களோடது குட்டி, குட்டிக்கு முதுகுல எப்பவுமே ஒரு கரும்புள்ளி உண்டு, முடி அடர்த்தியா இருக்கிற இடம் அது. அதைப் பார்த்துட்டு ஒவ்வொரு வாரமும் "நாளைக்கு உரிச்சிடும்"னு விடிய விடிய உக்காராதீங்க, நான் உக்காந்திருக்கேன். மொட்டை இருந்தாத்தான் இந்த அறிகுறி, அந்த முடியை (மேல பட்டா அரிக்கும்) உதிர்க்கிற பழக்கம் அமெரிக்கக் கண்டத்து இனங்களுக்குத்தான். நம்ம பக்கத்து மரச்சிலந்திங்க, பொய்சிலோதேரியா வகை, ராமேஸ்வரத்துல கூட ஒண்ணு இருக்கு, ஹனுமவிலாசுமிக்கான்னு பேரு, அதுங்களுக்கு அந்த முடியே கிடையாது, மொட்டையும் கிடையாது, நிறம் மங்குறதையும் ஒளிஞ்சுக்கிறதையும் வெச்சுத்தான் ஊகிக்கணும். (2019லருந்து அந்த வகை முழுக்க சைட்ஸ் பட்டியல்ல இருக்கு, அழியுற ஆபத்துல இருக்கிற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம் அது, ஊருக்குப் போறப்போ மரத்துல பார்த்தா போட்டோவோட நிறுத்திக்கோங்க.)

உள்ள நடக்கிறது என்னன்னா, எக்டைசோன் வகை ஹார்மோன் ஏறினதும் பழைய ஓடு அடித்தோலை விட்டுக் கழண்டுக்கும், அதுக்கு அடியில புது ஓடு மடிப்பு மடிப்பா உருவாகும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு திரவம் ஊறும். நேரம் வந்ததும் ஒரு மெத்தை மாதிரி வலை பின்னி மல்லாக்க படுத்துக்கும். மல்லாக்க படுத்தா செத்துப்போச்சுன்னு நினைச்சு எடுத்துப் பார்த்தவங்க, குப்பையில போட்டவங்க எல்லாம் உண்டு. சாகப்போற சிலந்தி பெரும்பாலும் மல்லாக்காது, நேரா நின்னபடியே காலெல்லாம் அடியில சுருட்டிக்கும், மூடின கைவிரல் மாதிரி. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, பாதி டென்ஷன் போயிடும்.

மீனாச்சி உரிச்சதை ஒரு ஜனவரி ராத்திரி முழுசா பார்த்தேன், ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்டுட்டு இருந்துச்சு. ஒரு மணி நேரம் செத்த பிணம் மாதிரி கிடந்தா. இதயம் வேகமா அடிச்சு, வயித்துலருந்து ரத்தத்தை முன்னாடி தள்ளி, அந்த அழுத்தத்துல கேரபேஸ் விளிம்புல ஒரு வெடிப்பு, மூடி மெதுவா மேல எழும்புச்சு. அப்புறம்தான் கால். ஒரு தம், ஓய்வு, மறுபடி ஒரு தம், எட்டு காலும் ஒரே நேரத்துல பழைய காலுக்குள்ளருந்து வழுக்கி வழுக்கி வெளிய வருது, வெந்த சேமியா மாதிரி வெளிறி, துவண்டு. முடிஞ்சு புரண்டு உக்காந்தப்போ விஷப்பல் ரெண்டும் அரிசி மாதிரி வெள்ளையா இருந்துச்சு. ரெண்டு மூணு நாள்ல அது அரக்கு நிறமாகி, அப்புறம் கறுத்துச்சு. வெளி ஓடு மட்டும் இல்லைங்க, வயித்துக்கு முன்னாடி இருக்கிற உறிஞ்சுற இரைப்பையோட உள் தோல், மூச்சு விடுற புத்தக நுரையீரலோட தோல், அதெல்லாம் கூட உரிஞ்சு வந்துடும், சட்டையைப் பிரிச்சுப் பார்த்தா வெள்ளையா நாலு சின்ன மடிப்பு தெரியும், அதுதான் நுரையீரல்.

இந்த நேரத்துல நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுமே செய்யாம இருக்கிறது. ஊதாதீங்க, நகர்த்தாதீங்க, தண்ணி பீச்சாதீங்க. முக்கியமா உள்ள உயிரோட இரை இருக்கக் கூடாது. 2013ல ஒரு ஹோண்டுரன் கர்லி ஹேர் குட்டி வெச்சிருந்தேன், சாப்பிடலைன்னு ஒரு வெட்டுக்கிளியை உள்ள விட்டுட்டு, ராத்திரி எப்படியும் பிடிச்சுக்கும்னு படுத்துட்டேன். அது அன்னிக்கு ராத்திரியே உரிச்சிருக்கு. காலையில பார்த்தா சிலந்தியோட வயித்துல ஓட்டை, வெட்டுக்கிளி தெம்பா நிக்குது. தப்பு முழுக்க என்னோடது. அன்னியிலருந்து வேண்டாம்னு தள்ளின இரையை நான் ராத்திரி தங்க விடுறதில்லை.

ஈரப்பதம் விஷயத்துல கொஞ்சம் ஜாக்கிரதையா கேளுங்க. உரிப்பு நடுவுல சிக்கிக்கிறதுக்குத் தண்ணிக் குறைவு ஒரு காரணம்ங்கிறதை நான் நம்புறேன், உள்ள இருந்து தள்ளுறதே திரவ அழுத்தம்தானே. ஆனா அதுக்காக டப்பாக்குள்ள காத்தை 80 சதவீதம் ஈரமா வெக்கணும்னு பழைய குறிப்புகள்ல வர்றதை நான் பின்பற்றுறதில்லை, ரெட் நீ வறண்ட காட்டு ஜீவன், ஈரம் கட்டி காத்தோட்டம் இல்லாம பூஞ்சை பிடிச்சா அது வேற ஆபத்து. ஒரு மூலையில மண்ணை நனைச்சு வெச்சு, ஒரு பாட்டில் மூடியில தண்ணி வெச்சா குட்டி வேணும்னப்போ குடிச்சுக்கும். இங்கிலாந்துல குளிர்காலத்துல சென்ட்ரல் ஹீட்டிங் காத்தை உறிஞ்சிடும், அப்போ மட்டும் மூலை காயாம பார்த்துக்கோங்க. சிக்கிக்கிட்டா கை வெக்கலாமான்னு கேட்டா, எனக்கு ரெண்டு தடவை நடந்திருக்கு, பிரஷ்ஷால தண்ணி தொட்டு தொட்டு ஒண்ணை விடுவிச்சேன், அது ஒரு காலைக் கழட்டி விட்டுட்டு பிழைச்சுக்கிச்சு, அடுத்த உரிப்புல கால் கொஞ்சம் ஒல்லியா திரும்ப முளைச்சுச்சு. இன்னொண்ணு செத்துப்போச்சு. ரெண்டை வெச்சு உங்களுக்கு ஆலோசனை சொல்ற தகுதி எனக்கு இல்லை.

ஆணா பொண்ணாங்கிறதுக்கும் பதில் சட்டையிலதான் இருக்கு, ஆனா உங்களுக்கு இன்னும் நேரம் வரல. வயித்து அடிப்பக்கம், முன் ஜோடி நுரையீரல் மடிப்புக்கு நடுவுல, உள் பக்கத்தைப் பார்த்தா பெண்ணுக்கு விந்துப் பை இருக்கும், ரெட் நீக்கு அது பிரியாம ஒரே அகலமான மடலா, சின்ன நாக்கு மாதிரி நிக்கும். கால் அகலம் 5 செ.மீ. தாண்டின சட்டையில பத்து மடங்கு லென்ஸ்லயே தெரியும். அதுக்குக் கீழ மைக்ரோஸ்கோப் வேணும், அப்பவும் ஆணுக்கு இருக்கிற வேற ஒரு சின்ன உறுப்பைப் பார்த்துட்டுப் பெண்ணுன்னு ஏமாறலாம். அடிவயித்தை மேலோட்டமா போட்டோ எடுத்துப் போட்டு கேட்டா நூறு பேர் பதில் சொல்லுவாங்க, அது ஏறக்குறைய பூவா தலையா. ஆண்னா கடைசி உரிப்புல வாய்ப் பக்கத்துக் குட்டைக் கை நுனியில குத்துச்சண்டை கிளவுஸ் மாதிரி உருண்டையும், முன்னங்காலுக்கு அடியில கொக்கியும் வரும், அப்போ சந்தேகமே இருக்காது.

இடுக்கி ஏன்னு சொல்றேன்னேன். சட்டையோட வயிறு பாகத்துல அந்த அரிப்பு முடி அப்படியே இருக்கும், காய்ஞ்சாலும் குத்தும். 2009ல லீட்ஸ்ல ஒருத்தர் தொட்டி கழுவும்போது அவரோட சிலி ரோஸ் முடியை உதிர்த்து விட்டு, கண்ணு வாரக்கணக்கா சிவந்து, ஆஸ்பத்திரியில பார்த்தா கருவிழிக்குள்ள முடி குத்தி நிக்குது. லான்செட் மருத்துவப் பத்திரிகையிலேயே அந்தக் கேஸ் வந்துச்சு. சட்டையை அளந்த கையோட கண்ணைக் கசக்கிடாதீங்க.

பொறுமை பத்தி யாராவது புலம்பினா நான் ஒரு கதை சொல்லுவேன். இது டரான்டுலா இல்லை, தூரத்துச் சொந்தம், பொந்துக்குக் கதவு வெச்சு வாழ்ற ட்ராப்டோர் சிலந்தி. மேற்கு ஆஸ்திரேலியாவுல பார்பரா யார்க் மெயின்ங்கிற அம்மா 1974லருந்து ஒரு காட்டுல சிலந்திப் பொந்துக்கெல்லாம் எண் போட்டுக் குச்சி நட்டு, வருஷா வருஷம் போய் பார்த்துட்டு வந்தாங்க. பதினாறாம் நம்பர் பொந்துல இருந்த பெண் 2016ல குளவியால செத்துப்போனப்போ வயசு 43. ஞாயித்துக்கிழமை ஸ்கேல் இல்லாமலே இந்த வேலை நடக்கும்னு இதுக்கு மேல சாட்சி வேணுமா தெரியல.

உங்களுக்கு இப்போ என் கணக்கு இதுதான். ரெண்டு உரிப்புல ஒண்ணரை மடங்கு, வளர்ச்சி சரியா இருக்கு. நாலு வாரப் பட்டினி, வயிறு உருண்டையா இருந்தா அநேகமா மூணாவது உரிப்பு வருது, நாளைக்கா அடுத்த மாசமான்னு தெரியாது. டப்பாக்குள்ள இரை ஏதாவது சுத்திட்டு இருந்தா இன்னிக்கே எடுத்துடுங்க, மூடியில தண்ணி இருக்கான்னு பாருங்க. உரிச்சதுக்கு அப்புறம் பல் கறுக்கிற வரைக்கும், குட்டிக்கு ஒரு வாரம் வெச்சுக்கோங்க, சாப்பாடு போடாதீங்க. அந்தச் சட்டையை அது காலால உருட்டிக் கசக்கிறதுக்கு முன்னாடி நீளமான இடுக்கியால எடுத்து, ஈரம் இருக்கும்போதே விரிச்சு அளந்துடுங்க, ஊற வெக்கிற வேலை மிச்சம். தீப்பெட்டியில இருக்கிறதையும் அளந்து ரெண்டு எண்ணையும் இங்கயே போடுங்க, வகுத்துப் பார்ப்போம்.